விற்கப் போகும் லேத்துக்கு எதற்குப் புதுப் பெயின்ட்?

மௌத்தான ஒருவரின் லேத் மெஷினை விற்பதற்கு முன் பெயின்ட் அடித்து, மோட்டர் மாற்றி, டிஜிட்டல் மீட்டர் பூட்டி விற்பதா, இல்லை இருக்கிற மாதிரியே விற்பதா? இரண்டு மாதமாக எமது குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் இதுதான் கதை. அங்கே குரல் பதிவுகளாகச் சிதறிக் கிடக்கும் எமது அபிப்பிராயத்தை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். லேத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் கூட வாசிக்கலாம். முச்சக்கரவண்டியோ தையல் மெஷினோ, பழைய சாமான் ஒன்றை விற்க நினைக்கும் எல்லோருக்கும் வருகிற கேள்விதான் இது.

எமது மூத்த மாமா மலைநாட்டில் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது நாட்டை விட்டுப் போன துரை ஒருவரிடமிருந்து இந்த லேத்தை வாங்கினார். துரைக்கு அது பொழுதுபோக்கு. பங்களாவின் பின்னறையில் வைத்து சின்னச் சின்ன நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்வாராம். மாமாவுக்கு அது இரண்டாவது சம்பளம். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணி வரை புஷ் கடைவார், பின் செய்வார், தையல் மெஷினுக்குப் புலி செய்வார். மச்சான்மார் படித்ததில் அந்த மெஷினுக்கும் ஒரு பங்கு உண்டு.

மெஷின் மைஃபோர்ட் எம்எல்7. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் இருக்கும் பீஸ்டனில் செய்தது. 1946 இல் அறிமுகமான மாதிரி. ஃபெக்டரிக்காக அல்ல, வீட்டுக் கொட்டிலில் மாதிரி எஞ்சின் செய்கிற ஆட்களை மனதில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். பெட்டுக்கு மேலே 7 அங்குல விட்டம் சுற்றும், நீளம் 20 அங்குலம் அளவில் பிடிக்கும். அந்தக் கம்பனி 2011 இல் பீஸ்டனில் மூடப்பட்டு, பெயரை வேறொருவர் வாங்கிவிட்டார். ஆனாலும் உதிரிப்பாகங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. உலகம் முழுக்க இந்த மாதிரியைத் தேடி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்றால், பழைய இரும்புக்காரர் வந்து கிலோக் கணக்கில் விலை சொல்லிப் போனதையும் குழுமத்தில் ஒருவர் சீரியசாகப் போட்டிருந்தார்.

கட்டாரில் இருக்கும் மச்சானின் யோசனை வேறு. அவர் அங்கே நல்ல வேர்க்‌ஷொப் ஒன்றில் வேலை செய்கிறார், நவீன மெஷின்களைத் தினமும் பார்க்கிறார். "இந்தக் காலத்தில் பெல்ட் மாற்றி மாற்றி யார் வேகம் மாற்றுவான்? த்ரீ பேஸ் மோட்டர் ஒன்றைப் பூட்டி, விஎஃப்டி வைத்து, டிஜிட்டல் அளவுகோல் போட்டு, நல்ல பச்சை நிறத்தில் ஸ்பிரே அடித்து விட்டால் இரட்டிப்பு விலைக்குப் போகும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதற்குப் பிறகு, சீனாவிலிருந்து வரும் சின்ன லேத் கூட எமது பகுதிப் பையன்களுக்கு எட்டாத சாமான் ஆகிவிட்டது. பழைய மெஷினுக்குக் கேள்வி கூடியிருக்கிறது. படம் பார்த்துத்தான் ஆட்கள் அழைப்பு எடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நாம் இதற்கு உடன்படவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

மோட்டரில் தொடங்குவோம். விஎஃப்டி என்பது மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. பொத்தானைத் திருப்பினால் வேகம் மாறும். நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. இந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதா என்பதுதான் கேள்வி. எம்எல்7 இன் சுழல்தண்டு ஓடுவது வைட்மெட்டல் பெயாரிங்கில். மேலே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்து, பெயாரிங்கை நனைத்து, வெளியே போய்விடும். ஆறு வேகங்கள், நிமிடத்துக்கு 35 சுற்றிலிருந்து 640 வரை. அவ்வளவுதான் அதன் கணக்கு. விஎஃப்டி கையில் கிடைத்தவன் 640 இல் நிற்பானா? பொத்தான் இன்னும் திரும்பும் என்றால் திருப்பத்தான் செய்வான். எண்ணெய்க் கிண்ணத்தைத் திறக்க மறந்த ஒரு நாளில் அந்த மென்மையான உலோகம் சூடேறி இழுபட்டுப் போகும்.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது. இந்த மெஷினில் சக் பூட்டப்படுவது திருகாணி முறையில். தண்டின் முனையில் 1⅛ அங்குலப் புரி, அங்குலத்துக்கு 12 சுற்று. வெட்டும் திசையில் சுற்றும்போது சக் தானாகவே இறுகும். விஎஃப்டியில் இருக்கும் பிரேக் வசதியால் சடுதியாக நிறுத்தினாலோ, பின்பக்கமாகச் சுற்ற விட்டாலோ, கனமான சக் தன் வேகத்தில் சுற்றிக் கழன்று வரலாம். கிலோக் கணக்கில் இரும்பு, சுற்றிக்கொண்டே கையிலோ காலிலோ விழும். விஷயம் தெரிந்தவர் பிரேக்கை நிறுத்தி வைத்து, பின்பக்க ஓட்டத்தை அடைத்து வைத்துத்தான் பாவிப்பார். வாங்கப் போகிறவர் விஷயம் தெரிந்தவரா என்று நமக்கு எப்படித் தெரியும்? சொந்தப் பாவனைக்கு ஒருவர் பூட்டினால் அது அவர் பொறுப்பு. விற்பதற்காகப் பூட்டிக் கொடுத்தால் அந்தப் பொறுப்பில் ஒரு பகுதி பூட்டியவரின் கழுத்தில் கிடக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம்.

வேகம் குறைத்தால் விசையும் கிடைக்கும் என்ற எண்ணமும் பிழை. விஎஃப்டியில் வேகத்தை அடியோடு குறைத்தால் மோட்டரின் வலுவும் அதோடு சேர்ந்து குறையும். பெரிய விட்டத்தைக் கடைய, புரி வெட்ட, பழைய பேக் கியர்தான் கை கொடுக்கும். அது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. எமது தொழினுட்பப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதை அந்த மெஷின் எண்பது வருடத்துக்குக் கிட்டவாகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறது.

டிஜிட்டல் அளவுகோலைப் பொறுத்தவரை எமக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான், துளை. அதைப் பூட்ட வேண்டுமென்றால் வார்ப்பிரும்பில் நான்கைந்து இடத்தில் துளை போட்டுப் புரி வெட்ட வேண்டும். போட்ட துளையை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. வருகிறவர் வேறு வகை அளவுகோல் பூட்ட விரும்பினால் அவருக்கு இன்னும் நான்கு துளை. பழைய சாமான் ஒன்றில் கை வைப்பதற்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: கழற்றி எடுத்தால் பழைய நிலைக்கு வருமா, வராதா? வரும் என்றால் யோசிக்கலாம். வராது என்றால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் இனிமேல் அதை வைத்திருக்கப் போகிறவர்.

உதாரணத்துக்கு மில்லிமீற்றர் பிரச்சினையைப் பாருங்கள். மெஷின் முழுவதும் அங்குலக் கணக்கு. நீளத் திருகு அங்குலத்துக்கு 8 சுற்று. இன்றைக்கு எமக்கு வேண்டியதோ மில்லிமீற்றர் புரி. 1 அங்குலம் 25.4 மில்லிமீற்றர். 254 இன் பாதி 127. அது ஒரு பகா எண், ஆகவே வேறு எந்தச் சின்னச் சக்கரங்களைச் சேர்த்தாலும் அதைச் சரியாகப் பெற முடியாது. 127 பல்லுள்ள ஒரு கியர் இருந்தால் மில்லிமீற்றர் புரி துல்லியமாக வெட்டலாம். 21 பல்லுக் கியரை வைத்துக் கிட்டத்தட்டச் சரியாகவும் வெட்டுவார்கள். (எட்டாம் வகுப்பில் "சேர், பகா எண் எதற்கு?" என்று கேட்ட பிள்ளைக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.) இந்த மாதிரி மாற்றம் அழகானது. பூட்டலாம், கழற்றலாம், மெஷினுக்கு ஒரு கீறலும் இல்லை. அப்படியிருந்தும் விற்கப் போகிற நாம் அதை வாங்கிப் பூட்டத் தேவையில்லை. வாங்குபவர் அங்குலப் புரி மட்டும் வெட்டுகிறவராக இருந்தால் அந்தச் செலவு வீண்.

இனிப் பெயின்ட். இதில்தான் எமக்கு ஆகக் கூடிய கோபம்.

பெயின்ட் அடிப்பதென்றால் முதலில் பட்டி பூசுவார்கள், பிறகு சாண்ட்பேப்பர். பெயின்ட் வேலைக்காரருக்கு எது வெறும் உடல், எது துல்லியமாகத் தீட்டிய முகம் என்று தெரியாது. பெட்டின் மேற்பரப்பிலும் ஒரு இழுவை இழுத்து விடுவார். அந்தத் தூள் வண்டிக்கு அடியில் போய் உட்கார்ந்து, பிறகு ஓடும் ஒவ்வொரு தடவையும் அராவிக்கொண்டே இருக்கும். பெட்டின் பின்பகுதியில் 'கே' எழுத்தோடு தொடங்கும் தொடரிலக்கம் அடித்திருக்கிறது. பட்டிக்குள் அது மூடுப்பட்டால் மெஷினின் வயதைச் சொல்லும் அடையாளமும் போய்விடும்.

இதெல்லாம் ஒருபுறம். புதுப் பெயின்ட் வாங்குபவரிடம் என்ன சொல்கிறது? முச்சக்கரவண்டி வாங்கப் போகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? பளபளவென்று இருந்தால் டிங்கரிங் செய்த இடத்தைத் தேடுவார். மீட்டரில் கிலோமீற்றர் குறைவாக இருந்தால் சந்தேகப்படுவார். அனுபவமுள்ளவருக்குப் புதுப் பெயின்ட் ஒரு எச்சரிக்கை. அனுபவமில்லாதவரை மட்டுமே அது ஏமாற்றும். அப்படியானால் நாம் யாருக்காகப் பெயின்ட் அடிக்கிறோம்?

மெஷினில் இரண்டு குறைகள் இருக்கின்றன. குழுமத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும், இங்கேயும் எழுதுகிறோம்.

ஒன்று பெட் தேய்மானம். எந்தப் பழைய லேத்திலும் சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. கண்டுபிடிக்கும் வழி லேசு. கருவியைத் தாங்கி ஓடும் வண்டியைச் சக்குக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டம் இல்லாதபடி இறுக்குங்கள். பிறகு அதை வலது கடைசிக்கு ஓட்டிப் பாருங்கள். அங்கே இறுகி நின்றால், அந்த இடம் தேயவில்லை, சக்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது. மாமாவின் மெஷினில் பாதி தாண்டியதும் இறுகத் தொடங்குகிறது. பழைய எம்எல்7 இல் வண்டிக்கு வழிகாட்டுவது முன்பக்கத் தண்டவாளத்தின் இரண்டு பக்கங்கள் மட்டும். கம்பனியே 1972 இல் அந்த முறையை மாற்றி, வழிகாட்டும் அகலத்தைக் கூட்டியது. பழைய மெஷின் வைத்திருந்தவர்கள் பலரும் தேயாமல் கிடந்த பின்பக்க விளிம்பைப் பிடிக்கும்படி வண்டியில் ஒரு பட்டை வைத்து, தங்கள் மெஷினுக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள். லேத் ஆட்கள் மத்தியில் பேர்போன திருத்தம் அது. நாமும் மதிக்கிறோம். ஆனால் அதைச் செய்ய நிதானம் வேண்டும், அளவுக் கருவி வேண்டும், கை வேண்டும். விற்கும் அவசரத்தில் யாரோ ஒருவரிடம் கொடுத்து அரைகுறையாகச் செய்வித்தால் இருப்பதும் கெடும். தேய்மானத்தை உள்ளபடி சொன்னால், விஷயம் தெரிந்தவர் அதைக் குறையாக எடுக்க மாட்டார். தனக்கு ஒரு வேலை கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, பேக் கியரின் பெரிய சக்கரத்தில் ஒரு பல். இறுகிப் போன சக்கைக் கழற்ற, கியரைப் பூட்டி வைத்து இழுப்பது பலருடைய பழக்கம். எம்எல்7 களில் பல் உடைவது பெரும்பாலும் அப்படித்தான். மாமாவின் கைக்கு வரும்போதே ஒரு பல் போயிருந்தது. அவர் அந்த இடத்தில் பித்தளையை உருக்கி ஏற்றி, அரத்தால் அராவி, பல்லைத் திரும்ப உருவாக்கியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பல் வேலை செய்கிறது. மஞ்சளாகத் தெரியும். மூடியைத் திறந்தால்தான் காணலாம். கிறீஸ் கொஞ்சம் கூடப் பூசினால் அதுவும் தெரியாது. "ஓடுகிற சாமானுக்கு ஏன் வாயைக் கொடுக்கிறீர்கள்?" என்று குழுமத்தில் ஒரு குரல் வந்தது.

ஏன் என்றால், அது எமக்குத் தெரியும் என்பதால். சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் சம்பவத்தைச் சின்ன வயதிலேயே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வியாபாரி தண்ணீர் ஊற்றவில்லை, மழைதான் நனைத்தது. நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைக்கவில்லை என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பல்லும் அப்படித்தான். உடைத்தது மாமா அல்ல. காட்டாமல் விற்றால் அது எங்கள் வேலையாகிவிடும். சொல்லப்போனால் அந்தப் பல்லைக் காட்டுவதில் எமக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. எத்தனை ஃபிட்டருக்கு அப்படி ஒரு பல் அராவ வரும்?

இன்னொரு விஷயத்தைக் குழுமத்தில் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. நாம் வாரிசு அல்ல, மருமகன் மட்டுமே, அதனால் கேட்பது லேசு. மெஷின் இப்போது யாருடையது? மாமா மௌத்தான அந்த நிமிடத்திலிருந்து அது மாமிக்கும் இரண்டு மச்சான்மாருக்கும் மச்சிக்கும் சொந்தம். பிள்ளைகள் இருப்பதால் மாமிக்கு எட்டில் ஒன்று. மீதி இரண்டுக்கு ஒன்று கணக்கில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு. ஒரு பேச்சுக்கு இப்படியே 4 இலட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். மாமிக்கு 50,000, மச்சிக்கு 70,000, மச்சான்மாருக்கு ஆளுக்கு 1 இலட்சத்து 40,000. இனி மோட்டர், விஎஃப்டி, அளவுகோல், பெயின்ட் எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம் செலவழித்து 5 இலட்சத்துக்கு விற்றால்? மிஞ்சுவது மூன்றரை. மாமிக்கு 43,750, மச்சிக்கு 61,250. இரட்டிப்பு விலைக்குப் போகலாம், போகாமலும் விடலாம். பந்தயம் கட்டுவதென்றால் தன் பங்கை வைத்துக் கட்டலாம். மாமியின் மருந்துக் காசை வைத்துக் கட்டுவதற்கு மாமியிடம் கேட்டோமா? மாமிக்கு விஎஃப்டி என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி, நட்டமும் வரலாம் என்று சொல்லிக் கேட்டோமா?

அப்படியென்றால் ஒன்றுமே செய்யாமல் விற்பதா என்று கேட்டால், இல்லை. வயரை மாற்றத்தான் வேண்டும். மோட்டருக்குப் போகும் பழைய வயரின் உறை கையில் பட்டால் உதிர்கிறது, ஏர்த் கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. புது வயர், ஒழுங்கான ஏர்த், நல்ல சுவிட்ச் ஒன்று. போட்டு முடித்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை நாம் மாற்றம் என்று சொல்ல மாட்டோம். ஒரு ஆளின் உயிர் அது. பெல்ட் வெடித்திருக்கிறது, அதையும் மாற்றலாம். பெல்ட் மூடி இல்லாமல் விற்கக் கூடாது. மண்ணெண்ணெயால் துடைத்து, பழைய கிறீஸைச் சுரண்டி, பெட்டுக்கு எண்ணெய் பூசி வைத்தால் போதும். துருவுக்குச் சாண்ட்பேப்பர் வேண்டாம்.

அதைவிட முக்கியம், கொட்டிலைத் தேடுவது. கியர்ச் சக்கரங்கள், நாலு தாடைச் சக், முகத்தட்டு, நீளக் கம்பியைத் தாங்கும் ஸ்டெடி எல்லாம் மூலைமுடுக்குகளில் கிடக்கின்றன. ஒரு கியர் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்ததை நாமே கண்டோம். இப்படிப்பட்ட மெஷினுக்கு விலை கூடுவது பெயின்டால் அல்ல, இந்தச் சாமான்கள் முழுமையாக இருப்பதால். ஒரு பின்னேரம் குனிந்து தேடினால் கிடைக்கும் காசு, ஸ்பிரே அடித்துக் கிடைக்கும் காசை விடக் கூடுதலாக இருக்கும்.

மாமா கியர்களை அடுக்கத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு தட்டுச் செய்து வைத்திருக்கிறார். லாம்பு மாட்ட மெஷினின் மேசையில் இரண்டு துளையும் போட்டிருக்கிறார். "அப்போ மாமா துளைக்கலாமா?" என்று மச்சான் கேட்டார். துளைக்கலாம். அது அவருடைய மெஷின், அவருடைய வேலை, அவருடைய இரவு. அதையெல்லாம் கழற்றி "ஒரிஜினல்" ஆக்கப் போவதும் நமக்கு வேண்டாத வேலைதான். அப்படியே கொடுத்துவிடுவோம்.

இப்போதைய நிலைமை இது. பெயின்ட் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப் போய்விட்டார்கள். பல்லைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதற்கு மச்சியும் சின்ன மச்சானும் சரி என்கிறார்கள். மோட்டர் விஷயத்தில் பெரிய மச்சான் இன்னும் இறங்கி வரவில்லை. மாமியிடம் கணக்கோடு போய்க் கதைக்கும் பொறுப்பு எமக்கு வந்திருக்கிறது. வயர் வேலை வருகிற வாரம் முடியும்.

யாராவது பார்க்க வருவதென்றால் பகலில் வாருங்கள். நாலு விரல் மொத்தத்தில் கம்பித் துண்டு வேண்டாம், ஒரு அங்குலம் போதும். ஆறு அங்குல நீளத்தில் கொண்டு வாருங்கள், உங்கள் மைக்ரோமீற்றரையும் எடுத்து வாருங்கள். சக்கில் பிடித்து, டெய்ல்ஸ்டொக் இல்லாமல் மெல்லியதாக ஒரு வெட்டு வெட்டி, இரண்டு முனையையும் நீங்களே அளந்து பாருங்கள். எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதை அந்தத் துண்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். விலையைப் பிறகு கதைப்போம்.